அடியில் 1775, மேலே பங்க்: பழைய உடையை எங்கே உடைக்கலாம், எங்கே கூடாது?

#1 ஊசிமுனை

12 நிமிடக் குறும்படம். காலம் சுமார் 1775, ஃபிரான்ஸ் நாட்டு வெர்சாய் அரண்மனையின் அரசவைப் பெண் ஒருத்தி. உடை அந்தக் காலத்து உடையாகவே இருக்கணும், ஆனா பார்த்த மாத்திரத்தில் பங்க்னு (1970-கள் லண்டன் கலக இசை, உடைப் பாணி) தெரியணும், இதுதான் தேவை. ஜீன்ஸ் துணி, ஊக்கு, ஸ்டட் (துணியில அடிக்கற உலோகக் குமிழ்), கிழிசல் எல்லாம் பட்டியலில் இருக்கு. மூணு கேள்வி:

எதை மாத்தலாம், எதைத் தொடவே கூடாது?
ஜீன்ஸ்ல முழு கவுன் தைச்சா எத்தனை மீட்டர், தாங்குமா?
முன்பக்கத்தை நிஜமாவே ஊக்கால் மூடலாமா?

#2 வெர்சாய்வாசல்

முதல் கேள்விக்கு மட்டும் இப்போ. தொடக் கூடாதது உருவக்கோடு. ஆளை இருட்டுல நிழலா நிறுத்தினாலும் 1775 தெரியணும். மேலுடம்பு தலைகீழா வெச்ச கூம்பு மாதிரி கீழே குறுகணும், இடுப்பு ரெண்டு பக்கமும் விரியணும், முன்னும் பின்னும் தட்டையா இருக்கணும், முதுகுல கழுத்துலேர்ந்து தரை வரை மடிப்பு தொங்கணும். இந்த நாலும் இருந்தா மேல லெதர் போட்டாலும் சாக்கு போட்டாலும் கண்ணு ஏத்துக்கும். இதுல ஒண்ணு போச்சுன்னா, அசல் பட்டே போட்டாலும் ஆண்டுவிழா மாறுவேடப் போட்டிதான்.

அந்தக் காலத்து ஃபிரெஞ்சு ராணியைப் பத்தி 2006-ல் வந்த சோஃபியா கொப்போலாவின் 'மேரி அந்துவனெத்' படத்தைப் பத்திப் பேசறவங்க எல்லாரும் செருப்புக் குவியலுக்கு நடுவில் ஒரு நொடி தெரியற இந்தக் காலத்துக் கான்வர்ஸ் கான்வாஸ் ஷூவையே பேசறாங்க. அந்த ஒரு நொடி ஏன் எடுபடுதுன்னு பாருங்க. சுத்தி இருக்கற எல்லாமே சரியா இருக்கு. எலும்பு (விறைப்பா நிக்க வைக்கற பட்டி) வெச்ச மேற்கட்டு, பன்னியர் (இடுப்போட ரெண்டு பக்கத்தையும் விரிக்கற வளையக் கூடு), முதுகு மடிப்பு எதுலயும் கை வைக்கல. நிறம்தான் மாறியிருக்கு, பாரிஸ் லாதுரே கடையோட மக்ரோன் இனிப்பு நிறங்களை வெச்சுத்தான் மொத்தப் படத்தோட வண்ணமும் ஓடுது. உடை வடிவமைச்ச மிலேனா கனோனெரோ யாரு? 1975-ல் வந்த குப்ரிக்கின் 18-ம் நூற்றாண்டுக் கதை 'பேரி லிண்டன்' படத்துக்கு உல்லா-பிரிட் சோடர்லுண்டோட சேர்ந்து ஆஸ்கர் வாங்கினவர். இலக்கணம் முழுக்கத் தெரிஞ்ச கை. இதே நூற்றாண்டுக்கு மறுபடி வந்து, வேணும்னே ஓரிரு இடத்துல மட்டும் மீறுது. இந்தப் படத்துக்கும் ஆஸ்கர் வந்தது.

ஆக, நிறம், துணி, உலோகச் சாமான், காலணி இந்த நாலுல ரெண்டை எடுத்துக்கோங்க. நாலையும் எடுத்தா எதுவுமே மீறலா தெரியாது.

#3 நூலறுந்தவன்

இதில் எனக்கு உடன்பாடு பாதிதான். கான் விழாவின் பத்திரிகையாளர் காட்சியில் அந்தப் படத்துக்குக் கூச்சலும் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1770-களின் அரண்மனையில் 1980-களின் பாட்டு ஓடுவதற்கு என்ன நியாயம்? ஊக்கு குத்தினால் பங்க், கிதார் அடித்தால் இளமை என்பது விளம்பரப்பட உத்தி. அந்தக் காலத்து உடைக்குள்ளேயே எத்தனையோ மீறல் இருந்தது. அதைத் தேடிப் படிக்கச் சோம்பல் பட்டுத்தான் இதைச் செய்கிறார்கள்.

#4 பழையகேசட்

நூலறுந்தவன், சோம்பல்னு சொல்றது மத்த படங்களுக்குப் பொருந்தலாம். இந்தப் படத்துக்கு இல்ல. அதுல வர்ற பாட்டு யாரோடதுன்னு பாருங்க: பவ் வாவ் வாவ், ஆடம் அண்ட் தி ஆண்ட்ஸ். ரெண்டு குழுவுக்கும் பின்னாடி மேலாளரா மால்கம் மெக்லாரன் இருந்தார். அவரும் உடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டும் லண்டன் கிங்ஸ் ரோடு 430-ல் நடத்தின கடையிலேர்ந்துதான் ஊக்கு, கிழிசல், பட்டை வெச்ச பேன்ட் எல்லாம் பரவிச்சு. அதே வெஸ்ட்வுட் 1981-ல் 'பைரட்' தொகுப்பு போட்டாங்க. பழைய கால ஆண் உடையோட வெட்டை எடுத்து, தொளதொள சட்டையும் இடுப்புக் கச்சையுமா மாத்தினது. பவ் வாவ் வாவ் அதைப் போட்டுக்கிட்டுத்தான் மேடையேறினாங்க. ஆண்ட்ஸ் குழுப் பாடகர் ஆடம் ஆண்ட் ஹுஸார் குதிரைப்படைக் கோட்டும் முகத்துல வெள்ளைக் கோடுமா நின்னார்.

அதாவது பாட்டுக்காரங்க முதல்ல பழைய நூற்றாண்டுக்குப் போய் உடை எடுத்துட்டு வந்தாங்க. 25 வருஷம் கழிச்சு படம் அவங்களைத் திருப்பிக் கூட்டிட்டுப் போகுது. கடன் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கற மாதிரி. இதைத் தற்செயல்னு சொல்ல முடியாது.

இன்னொரு கிளையும் இருக்கு. இயக்குநர் டெரக் ஜார்மன் 1978-ல் 'ஜூபிலி' படம் எடுத்தார். முதலாம் எலிசபெத் ராணியை அவங்க அரசவை ஜோசியர் ஜான் டீ பங்க் காலத்து லண்டனுக்குக் கூட்டிட்டு வர்றார். வெஸ்ட்வுட்டுக்குப் படம் பிடிக்கல. ஜார்மனுக்கு எழுதின திறந்த மடலையே டி-ஷர்ட்ல அச்சடிச்சாங்க! (பங்க் விமர்சனம்னா இப்படி இருக்கணும்.) 1986-ல் அதே ஜார்மன் 'கரவாஜியோ' எடுத்தப்போ ஓவியரோட காலத்துல தட்டச்சு இயந்திரமும் கால்குலேட்டரும் வரும். அந்தப் படத்துலதான் சாண்டி பவல் திரைப்பட உடைக்கு வந்தாங்க. அவங்கதான் 2018-ல் 'தி ஃபேவரிட்' படத்துல ஆன் ராணியோட சமையலறைப் பெண்களுக்குப் பழைய ஜீன்ஸை வெட்டி உடை தைச்சவங்க. ஊசிமுனை கேட்கற ஜீன்ஸுக்கு இதைவிட நேரான வம்சாவளி கிடையாது.

#5 காடாதுணி

வம்சாவளி நல்லாருக்கு, இப்ப அளவுக்கு வருவோம்.

முழு கவுனும் உள்பாவாடையும் ஜீன்ஸ்ல வேணும்னா 58 அங்குல அகலத்துல 8 மீட்டர் பிடிக்கும். 6 அவுன்ஸ் (ஒரு சதுர கஜத்தோட எடை) துணின்னா சுமார் 2.4 கிலோ. பேன்ட்டுக்குப் போடற 12 அவுன்ஸ் எடுத்தா 4.8 கிலோ. ரெண்டாவது தாங்காது. எடை ஒரு பக்கம், அதைவிட முதுகு மடிப்புதான் வில்லங்கம். இரட்டைப் பெட்டி மடிப்புன்னா கழுத்துகிட்ட அஞ்சு அடுக்கு ஒண்ணு மேல ஒண்ணு உட்காரும், அடியில லைனிங். 12 அவுன்ஸ்ல அது ரொம்பத் தடிமன். வீட்டு மெஷின்ல ஊசி ஒடியும், மடிப்பு தொங்காம பலகை மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும்.

அதனால கவுனை மெல்லிய பருத்தியிலயோ பட்டுலயோ தைங்க (44 அங்குல அகலத்துல 7 மீட்டர் வைங்க). முன்னால தெரியற உள்பாவாடை, நெஞ்சுப் பட்டை (கவுனோட முன் திறப்பை மூடற தனித் துண்டு), கை மடிப்பு மூணை மட்டும் ஜீன்ஸ்ல போடுங்க. கேமராவுக்குத் தெரியறதும் அந்த மூணுதான்.

பழைய பேன்ட்டை வெட்டற கணக்கு: உள்கால் தையலைப் பிரிச்சா ஒரு காலுக்கு 40 செ.மீ. அகலம், 75 செ.மீ. நீளத்துல ஒரு துண்டு தேறும். பாவாடைச் சுற்று 3 மீட்டர்னா மேல் வரிசைக்கு 8 கால். இடுப்பு முதல் தரை வரை 75 போதாது, கீழே இன்னொரு வரிசை வேணும். ஒரு காலைப் பாதியா வெட்டினா ரெண்டு துண்டு வரும், அதுக்கு 4 கால். மொத்தம் 6 பேன்ட். நீட்சி இழை கலந்ததை வாங்காதீங்க, ரெண்டு மணி நேரம் தொங்கினாலே ஒரு துண்டு இறங்கி அடுத்த துண்டைச் சுருக்கும். வெளித் தையலை அப்படியே விடுங்க. அங்க மஞ்சள் நூல் தையல் இருந்தா, அதுதான் 'இது ஜீன்ஸ்'னு தூரத்துலேர்ந்து சொல்லும்.

அடிக்கட்டுக்கு வருவோம். உள்ளே லினன் உட்சட்டை, அதுக்கு மேல எலும்புக் கச்சை, அப்புறம் பன்னியர், அதுக்கு மேல ஒரு வெற்றுப் பாவாடை, அதுக்கு மேலதான் ஜீன்ஸ் பாவாடை, கடைசியா கவுன்.

பன்னியர் பக்கத்துக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணுலயும் 3 வளையம். அழுத்தமான காடா ஒண்ணரை மீட்டர், பிரம்பு ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து 4 மீட்டர். பிரம்பை ராத்திரி பூரா ஊற வெச்சு வளைச்சு, கட்டி வெச்சுக் காய விடணும். எல்லாரும் மறக்கறது உள் நாடா. வளையத்தோட ரெண்டு முனையையும் உள்ளே நாடாவால இழுத்துக் கட்டலைன்னா ஜீன்ஸ் எடைக்கு வளையம் விரிஞ்சு தட்டையாகும், பக்கவாட்டு விரிவு போய் பின்பக்கம் உப்பும். ஆளு 1775-லேர்ந்து 1860-க்குப் போயிடுவா.

பாவாடையோட கீழ் ஓரம் நேரா இருக்கணும், வளைவு இடுப்புப் பக்கம்தான். முன் நடு, பின் நடுவை விடப் பக்கங்கள் நீளம் அதிகம் கேட்கும். துணி வளையத்து மேல ஏறி இறங்கணுமே. பன்னியரைக் கட்டிவிட்டு, இடுப்புலேர்ந்து அதுமேலேயே டேப் போட்டுத் தரை வரை அளங்க. இதைச் செய்யாம நேரா வெட்டினா ரெண்டு பக்கமும் பாவாடை தூக்கிக்கிட்டு கணுக்கால் தெரியும்.

கவுன் உடம்போட ஒட்டி நிக்கறது லைனிங்கால. முதுகு மடிப்புக்கு அடியில லைனிங்கை நடுவுல ரெண்டாப் பிளந்து கயிறு கோத்து இறுக்கற மாதிரி வைக்கணும். இது இல்லாம தைச்ச கவுன் நைட்டி மாதிரி காத்துல பறக்கும்.

வெட்டறதுக்கு முன்னாடி காடாவுல ஒரு மாதிரி தைச்சுப் போட்டுப் பாத்துடுங்க. கச்சைக்கு இது கட்டாயம்.

#6 ஊசிமுனை

அருமை, மாஸ்டர். கச்சைக்கு எலும்பு எதுல? அப்புறம் ஊக்கு விஷயம் நிக்குது.

#7 காடாதுணி

8 மி.மீ. அகல கேபிள் டை. அதோட இயல்பான வளைவை நிமிர்த்திக்கோங்க, தலையை வெட்டிடுங்க, வெட்டின முனையை மெழுகுவத்தியில காட்டி மழுக்குங்க. இல்லைன்னா ரெண்டாம் நாளே துணியைக் குத்திக்கிட்டு வெளிய வரும். எலும்பு நுழையற குழல் ஒவ்வொண்ணையும் 10 மி.மீ. அகலம் விட்டுத் தைங்க. பின்னால ரெண்டு ஓரத்துக்கும் நடுவுல 5 செ.மீ. இடைவெளி இருக்கணும். ஓரம் ஓரத்தைத் தொட்டா கச்சை பெருசு.

உலோக ஐலெட் (கயிறு கோக்கற துளைக்கு அடிக்கற வளையம்) 1775-க்குப் பொருந்தாது, அப்போ எல்லாம் நூலால கட்டின துளைதான். ஆனா உங்களுக்கு பங்க் வேணுமே, வெளிய தெரியற மாதிரி போடுங்க. வாஷரோட வர்றதை மட்டும் வாங்குங்க. துளையை ஐலெட்டை விடச் சின்னதா குத்தி அழுத்தி ஏத்தணும். பெருசாக் குத்தினா ரெண்டு தடவை இறுக்கினதும் பிச்சுக்கிட்டு வரும்.

#8 நூலறுந்தவன்

ஊக்கைப் பற்றி நான் சொல்கிறேன், எதிர்க்கட்சியாக இருந்தாலும்.

இந்தக் கவுன்களின் முன்பக்கம் அந்தக் காலத்திலேயே பெரும்பாலும் குண்டூசியால்தான் மூடப்பட்டது. நெஞ்சுப் பட்டை தனித் துண்டு. கவுனின் இரு ஓரத்தையும் அதன்மேல் வைத்து, ஊசியைக் கவுன், பட்டை, கச்சை மூன்றின் வழியாகவும் விட்டு எடுத்து, முனையை எலும்பு அடுக்குக்குள் புதைப்பார்கள். உடம்பில் குத்தாது. அரசவைப் பெண் ஒவ்வொரு காலையும் ஊசிகளுக்குள்தான் நுழைந்தாள். வால்டர் ஹன்ட் ஊக்குக்குக் காப்புரிமை பெற்றது 1849-ல். ஆக உங்கள் ஊக்கு வந்திருப்பது சுமார் 75 ஆண்டு முன்கூட்டி. ஆனால் அது உட்காரும் இடம் சரியான இடம். நான் ஏற்றுக்கொள்ளும் ஒரே ஊக்கு இதுதான். தோளிலும் பாவாடையிலும் சும்மா தெளித்த ஊக்குகளுக்கு இந்த நியாயம் கிடையாது.

இதே மாதிரி இன்னும் மூன்று இடம்:

பிசிறு ஓரம். அந்தக் காலப் பட்டு அலங்காரங்களின் ஓரத்தை மடித்துத் தைக்கவில்லை. இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்து, அலை அலையாக வெட்டி அப்படியே விட்டார்கள். நெருக்கமாக நெய்த பட்டில் அது பிரியாது. பாலியஸ்டர் சாட்டினில் செய்தால் மதியத்துக்குள் நூல் தொங்கும்.

தடைசெய்யப்பட்ட துணி. சோழமண்டலக் கரையிலிருந்து போன, கையால் பூ வரைந்து சாயமேற்றிய பருத்திக்கு ஃபிரான்ஸ் 1686 முதல் 1759 வரை தடை விதித்திருந்தது. தடையை மீறியும் உடுத்தினார்கள். உங்கள் பாத்திரத்தின் தாய் வயதுப் பெண்களுக்கு ஒரு பூப்போட்ட பாவாடையே சட்டமீறல். மண்டையோட்டு அச்சு வேண்டுமென்றால் அந்தக் கொடிக் கோலத்துக்குள் பூவுக்குப் பதில் வையுங்கள். மூன்றடி தூரத்தில் பூவாகவும் அருகில் மண்டையோடாகவும் தெரியட்டும்.

வெள்ளை மஸ்லின். 1783-ல் ஓவியர் விஜே லெ பிரன் வரைந்த படத்தில் மேரி அந்துவனெத் மெல்லிய பருத்தி உடையில் நின்றாள். ராணி உள்ளாடையோடு நிற்கிறாள் என்று பாரிஸ் கொதித்தது. ஓவியத்தைக் கண்காட்சியிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. பன்னியரும் பட்டும் ஒரே அடியில் போனது அங்கேதான். உங்கள் கதை 1775 என்பதால் இது உதவாது. ஆனால் கடைசிக் காட்சி சில ஆண்டு தள்ளிப் போகுமென்றால், ஸ்டட் அடித்த லெதரை விட இந்த வெள்ளைத் துணி பெரிய கலகம்.

தயவுசெய்து கச்சையை வெறும் தோலின் மேல் கட்டாதீர்கள். படத்துக்குப் படம் இதே தவறு. உட்சட்டை இல்லாவிட்டால் எலும்பு ஓரம் அக்குளிலும் இடுப்பிலும் தோலை உரிக்கும். அதன் பிறகு 'அந்தக் காலத்துக் கச்சை ஒரு சித்திரவதை' என்று பேட்டி வரும்.

#9 வெர்சாய்வாசல்

எதிர்க்கட்சியே இவ்வளவு கொடுத்தா ஆளுங்கட்சி என்ன செய்யும்!

ஊக்கோட பொறியியலை மட்டும் சேர்க்கறேன். நிஜ எடையை ஊக்குல போடாதீங்க. மூச்சு இழுக்கும்போது முன்பக்கம் ரெண்டு பக்கமும் இழுபடும். ஊக்கை நெடுக்குவாட்டில் குத்தினா இழுப்பு கம்பியோட நடுவுல விழுந்து வளைஞ்சு திறந்துக்கும். குறுக்கே, இழுப்பு போற திசையிலேயே, ஒரு ஓரத்திலேர்ந்து பட்டைக்குப் பாலம் போட்ட மாதிரி குத்துங்க. பக்கத்துக்கு 8, இடைவெளி 3 செ.மீ. அடியில கொக்கி-வளையம் வெச்ச நாடா ஓடட்டும், அதுதான் தாங்கும். ஊக்குகளைக் கவுன் ஓரத்தோட நூல் போட்டுக் கட்டிடுங்க. நடிகை உடை கழட்டிப் போடற ஒவ்வொரு தடவையும் 16 ஊக்கு மறுபடி குத்தினா ஷாட்டுக்கு ஷாட் இடம் மாறும்.

நிக்கல் முலாம் போனதும் வேர்வையில துரு பிடிக்கும், பட்டுல விழுந்த துருக்கறை லேசில் போகாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்க.

ஸ்டட் விஷயம்: முள் வெச்சது மெல்லிய பட்டை அறுத்துடும். அடியில கேன்வாஸ் ஒட்டி அடிங்க, உள்பக்கம் தெரியற முள்ளை லைனிங்கால மூடுங்க.

#10 பழையகேசட்

கிழிசல் பத்தி யாரும் சொல்லல. ஜீன்ஸ்ல நெடுக்கு இழைதான் நீலம், குறுக்கு இழை வெள்ளை. குறுக்குவாட்டில ரெண்டு இணைக் கோடு வெட்டி, நடுவுல இருக்கற நீல இழையை மட்டும் ட்வீசரால ஒண்ணொண்ணா உருவுங்க. வெள்ளை இழை ஏணி மாதிரி நிக்கும். கத்தரியால ஓட்டை போட்டா எலி கடிச்ச மாதிரிதான் இருக்கும். ப்ளீச் போட்டு வெளுத்தா, நிறுத்தறதுக்கு வினிகர் ஊத்தாதீங்க, குளோரின் வாயு வரும். நிறையத் தண்ணியில அலசிட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த தண்ணியில முக்குங்க.

#11 பூம்_மைக்

உடைக்காரங்க யாரும் ஒலிக்காரங்களை நினைக்கறதே இல்ல. 16 ஊக்கு நெஞ்சுல தொங்கினா, காலர் மைக் அங்கேயே இருந்தா, வசனம் பூரா சலங்கை. ஊக்கோட சுருள்லயும் தலையிலயும் துணிப் பசை ஒரு சொட்டு வெச்சு அசையாம பண்ணுங்க. மைக்கை நெஞ்சுப் பட்டையோட மேல் ஓரத்துக்கு உள்பக்கமா, ரெண்டு மென்துணிக்கு நடுவுல ஒளிங்க. டாஃபேட்டா பட்டு சரசரக்கும். பருத்திக் கவுன்னா பாதித் தொல்லை போச்சு.

கேமராக்காரர் சார்பா ஒண்ணு: 'தி ஃபேவரிட்' பாத்துட்டுக் கறுப்பு வெள்ளைக் கோடு போட ஆசைப்பட்டா, மெல்லிய கோடு டிஜிட்டல்ல நெளியும். எடுக்கப் போற லென்ஸ்ல, எடுக்கப் போற தூரத்துல, துணியை ஆட்டிப் பாத்துட்டு வாங்குங்க.

#12 ஊசிமுனை

தலைக்கு? மோஹாக் (பக்கம் ஒட்டி, நடுவுல மட்டும் முடி நிமிர்ந்து நிக்கற பங்க் தலை) மாதிரி கேட்கறாங்க.

#13 வெர்சாய்வாசல்

1775-ன் உயரக் கொண்டையே பாதி மோஹாக்தான், தனியா எதுக்கு? கம்பளியும் குதிரைமுடியும் அடைச்ச திண்டு மேல முடியை வாரி ஏத்தி, பசை தடவி, மாவு தூவுவாங்க. நீங்க ஸ்பாஞ்சைச் செதுக்கி வலைக்குள்ள போட்டு, மேல சவுரி சுத்துங்க. பக்கங்களை ஒட்ட வாரி, நடுவுல மட்டும் உயர்த்தினா முன்பக்கம் பாத்தா வெர்சாய், பக்கவாட்டுல பாத்தா கிங்ஸ் ரோடு. மாவு வெள்ளையாத்தான் இருக்கணும்னு இல்ல, இளஞ்சிவப்பு, நீலம் அப்பவே இருந்தது. கவுனைப் போட்டுட்டு மாவு தூவாதீங்க; அவங்களே தோள்மேல தனித் துணி போர்த்திக்கிட்டுத்தான் தூவினாங்க.

#14 ஊசிமுனை

கடைசிக் கேள்வி. காலுக்கு நிஜமாவே கான்வாஸ் ஷூ போடலாமா?

#15 காடாதுணி

போடலாம். ஆனா இன்னிக்கே முடிவு பண்ணுங்க. பாவாடை ஓரம் குதிகால் உயரத்தை வெச்சு வெட்டறது. 6 செ.மீ. குதிகாலுக்கு வெட்டின பாவாடையைத் தட்டை ஷூவோட போட்டா 6 செ.மீ. தரையில புரளும், முதல் டேக்லயே மிதிச்சு இடுப்புப் பட்டி கிழியும். ஷூவைப் போட வெச்சு நிறுத்தி ஓரம் குறிங்க.

ஷூட்டிங் அன்னிக்கு ஷூவை முதல்ல மாட்டி லேஸ் கட்டிட்டு அப்புறம் கச்சையை இறுக்குங்க. கச்சை ஏறினப்புறம் அவங்களால குனிய முடியாது, யாராவது கீழ உட்கார்ந்துதான் கட்டிவிடணும்.